லாண்ட்மாஸ்டருக்குத் தண்ணி

வட்டக்கச்சி
மார்கழி 14

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பதில் பிந்தியதற்குச் சோம்பல் காரணமில்லை, சின்னவனின் கால்தான் காரணம். மாரி தொடங்கினால் இங்கே நுளம்புக்குக் கொண்டாட்டம் என்று உனக்குத் தெரியும். கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, அது சிதல் கட்டி, காய்ச்சலும் வந்துவிட்டது. டெங்கு காலம் என்பதால் இரத்தமும் சோதித்தார்கள். நல்ல வேளை, அது இல்லை. காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) பாணி மட்டும்தான், ஐபுபுரோபன் வீட்டில் இருந்தாலும் தொடவேண்டாம் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். புண்ணுக்குக் குளொக்சசிலின் என்ற அன்ரிபயோட்டிக் பாணி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், வெறும் வயிற்றில், ஐந்து நாள். கணக்குப் பார், 20 தடவை!

உன் மகளும் மருந்தைத் துப்புகிறாள் என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். யார் பெற்ற பிள்ளை?

96 இல் மல்லாவியில் கொட்டில் போட்டு இருந்தோமே, மறந்துவிட்டாயா? வீட்டுக்கொரு ஆளாவது மலேரியாவில் நடுங்கிக்கொண்டு கிடந்த காலம். அந்தக் குளோரோகுயின் குளிசை நாக்கில் பட்டால் பொழுதுபடும் வரை கைக்கும். உன் அம்மா அதை வாழைப்பழத்துக்குள் வைத்துத் தருவா. நீ பழத்தை விழுங்குவாய், குளிசையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு போய்க் கூரைக் கிடுகுக்குள் செருகுவாய். பிறகு கூரையைப் பிரித்தபோது, மழையில் ஊறி மாவாய்ப் போன குளிசைகள் பாயில் கொட்டியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யுத்தத்தால் மருந்துத் தடை இருந்த நேரம், எண்ணி எண்ணித் தந்த குளிசை. உன் அம்மா உன்னை அடிக்கவில்லை, அழுதா. அதற்குப் பிறகுதான் நீ ஒழுங்காக விழுங்கினாய்.

2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு அதுவரை உள்ளூரில் தொற்றிய ஒருவரும் இருக்கவில்லையாம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கைப்பு தெரியப்போவதில்லை. ஆனால் குளொக்சசிலின் அதற்குத் தங்கச்சி முறை. நான் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். பிறகு மகன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

சரி, முதல் நாள் கதையைக் கேள். அம்மா பழைய முறைக்காரி. "மடியில் கிடத்து, மூக்கைப் பிடி, வாய் தானாகத் திறக்கும்" என்றா. எங்களுக்கெல்லாம் சங்கில் மருந்து பருக்கியவ, எதிர்த்துக் கதைக்க முடியுமா? நான் கையைப் பிடிக்க, மனுசி காலைப் பிடிக்க, அம்மா கரண்டியை உள்ளே விட்டா. அவன் வீரிட்டு மூச்சை இழுத்தான், மருந்து புரைக்கேறிவிட்டது. ஒரு கணம் சத்தமே இல்லை. முகம் கறுத்துப்போனது. தூக்கி நிமிர்த்தி முதுகில் தட்டினோம், இருமினான், சத்தி எடுத்தான், பிறகுதான் அழுதான். அந்த அழுகையைப்போல இனிய சத்தம் நான் கேட்டதில்லை. மூக்கைப் பிடிப்பதும் கிடத்திப் பருக்குவதும் எங்கள் வீட்டில் அன்றோடு முடிந்தது. நீயும் செய்யாதே.

இரண்டாவது புத்தி என்னுடையது, அதுவும் கெட்ட புத்தி. பாலுக்குள் கலந்து கொடுத்தேன். அரைக் கோப்பை குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டான். இப்போது எவ்வளவு மருந்து உள்ளே போனது, எவ்வளவு கோப்பையில் நிற்கிறது? ஆருக்குத் தெரியும்! அதோடு இரண்டு நாள் பாலையே தொடவில்லை. கோப்பையைக் கண்டால் என் முகத்தைப் பார்ப்பான். கைப்பு மருந்தைவிட அந்தப் பார்வைதான் எனக்குக் கைத்தது.

"இது டொபி" என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்த மனுசிக்கு, புண்ணுக்கு மருந்து கட்டப் போன இடத்தில் தாதி மிஸ்ஸிடம் நல்ல பேச்சு விழுந்தது. இன்றைக்கு டொபி என்றால், நாளைக்குக் கதிரை வைத்து ஏறி முழுப் போத்தலையும் குடிப்பான், மருந்தை மருந்தென்றே சொல்லுங்கள் என்றாராம். ஞாயம்தானே.

வழி காட்டியது பார்மசிப் பெடியன். ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ் ஒன்றைத் தந்தான். பிள்ளையை நிமிர்த்தி மடியில் இருத்தி, முனையைக் கன்னத்துக்கும் பல் முரசுக்கும் இடையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விழுங்க விடவேண்டும். நேரே தொண்டைக்குள் பீச்சக்கூடாது. போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்ததால் குளிரக் குளிரவே கொடுத்தோம், கைப்பு அவ்வளவு ஏறுவதில்லை. போத்தலை நன்றாகக் குலுக்க மறக்காதே, இல்லாவிட்டால் மருந்தெல்லாம் அடியில் நிற்கும்.

சிரிஞ் கையில் இருந்த புளுகத்தில் எங்கள் வீட்டுத் தேக்கரண்டிகளை அளந்து பார்த்தேன். ஒன்று 3 மில்லிலீற்றர் பிடிக்கிறது, மற்றது 6 ஐத் தாண்டுகிறது. தேக்கரண்டி என்றால் 5 என்று நம்பித்தானே இவ்வளவு காலமும் ஊற்றினோம்! இவனுக்கு 12 கிலோ, பனடோல் ஒரு தரத்துக்கு ஏழரை மில்லிலீற்றர் என்று துண்டில் எழுதியிருந்தது. சின்னக் கரண்டியால் ஒன்றரை ஊற்றியிருந்தால் காய்ச்சல் விடவில்லை என்று நான் டொக்டரைத்தான் குறை சொல்லியிருப்பேன். உன் மகளின் நிறை வேறு, அங்கே பாணியின் செறிவும் வேறாக இருக்கலாம். என் கணக்கை அவளுக்குப் போட்டுவிடாதே.

ஆனால் மச்சான், சிரிஞ் வந்தும் வாயைத் திறக்க வேண்டியவன் அவன்தானே. பல்லைக் கடித்தபடி இருந்தான். அன்று பின்னேரம் பக்கத்து வளவில் லாண்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. அது இவனுக்கு உயிர். "லாண்ட்மாஸ்டருக்கு டீசல் அடிப்பமா?" என்று கேட்டேன். கண் விரிந்தது. ஆனால் மனுசி குசினிக்குள் இருந்து, "டீசலைக் குடிக்கப் பழக்காதேங்கோ, கொட்டிலுக்குள் போத்தல் நிக்குது" என்று கத்தினா. சரியான கதை. உடனே டீசலைத் தண்ணியாக்கினேன். லாண்ட்மாஸ்டர் சூடேறினால் தண்ணி விடுவோமே, அதுதான். காய்ச்சலும் சூடுதானே, கதை பொருந்தியது. "இது மருந்து, கைக்கும். லாண்ட்மாஸ்டர் சூடாய்ப் போச்சு, தண்ணி விடுவம்" என்றேன். முதலில் விளையாட்டு லாண்ட்மாஸ்டருக்கு வெறும் தண்ணி விட்டான். பிறகு சிரிஞ்சை அவனே பிடித்தான், நான் அவன் கைக்கு மேல் கை வைத்து மெல்ல அழுத்தினேன். ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் "டுப் டுப் டுப்" சத்தம். முடிந்ததும் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி.

எல்லா முறையும் வென்றோம் என்று பொய் சொல்லமாட்டேன். இரவு 12 மணிக்கு எழுப்பினால் லாண்ட்மாஸ்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒருமுறை குடித்த கையோடு முழுவதையும் என் சேர்ட்டில் சத்தி எடுத்தான். திரும்பக் கொடுப்பதா விடுவதா என்று போன் பண்ணிக் கேட்டுத்தான் செய்தோம். நாமாக இரண்டாம் தரம் பருக்குவது, அதுவும் பனடோலை, ஆபத்து. நாலாம் நாள் புண் காய்ந்ததும் நிற்பாட்டுவோமா என்று எனக்கே ஆசை வந்தது. கிடுகுக்குள் ஒளித்த உன்னை நினைத்து, 20 ஐயும் முடித்தேன்.

சுவிசில் காய்ச்சல் மருந்தைப் பின்பக்கம் வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அது நல்லம், பிள்ளை துப்பாது" என்றா.

அம்மாவின் கதையும் இருக்கிறது. அவவின் பிறசர் குளிசைகள் ஏழு வெற்றிலைத் தட்டத்துக்கு அடியில் இருந்து வந்தன. கேட்டதற்கு, தலை சுற்றுகிறதாம். டொக்டரிடம் சொன்னாவோ என்றால் இல்லை. அடுத்த கிளினிக்குக்கு நான் கூடப் போகவேண்டும். அதுவரை காலையில் சின்னவன் செம்போடு போய் முன்னால் நிற்கிறான். "அப்பம்மா, வாயைத் திறவுங்கோ. தண்ணி விடப்போறன்." அவனுக்கு முன்னால் ஒளிக்க வழியில்லை.

இரணைமடுக் குளத்துக் கதவு திறந்துவிட்டார்கள். வயல் இதுவரை பிழையில்லை, கதிர் வர இன்னும் நாள் கிடக்கிறது. மகள் எந்த மருந்தைத் துப்புகிறாள், எத்தனை நாளைக்கு என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. அவளுக்கு அங்கே என்ன வாகனத்தில் பைத்தியம்?

அன்புடன்,
உன் மல்லாவிக் கூட்டாளி