அரிஸ்டாட்டில் 1453-இல் கப்பலேறி வரவில்லை

தமிழில் உலக வரலாற்றுப் பாடங்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் எழுதுவோருக்கு, வணக்கம்.

"1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தனர்; கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடினர்; மறுமலர்ச்சி பிறந்தது." கையேட்டுக்குக் கையேடு படியெடுக்கப்பட்டு வரும் வரி இது. அடுத்த பதிப்பில் இதைத் திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அரிஸ்டாட்டிலைப் பொறுத்தவரை இந்த வரியில் இருநூறு, முந்நூறு ஆண்டுப் பிசகு இருக்கிறது. 1255 மார்ச் 19 அன்று பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. அன்று கையிலிருந்த அரிஸ்டாட்டில் நூல்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் உண்டு. சிறுநூல்களுக்கு வாரக் கணக்குக்கூடப் போட்டிருந்தார்கள்: தூக்கமும் விழிப்பும் பற்றிய நூலுக்கு ஐந்து வாரம், நினைவு பற்றியதற்கு இரண்டு வாரம். கான்ஸ்டான்டிநோபிள் விழ அப்போது இன்னும் 198 ஆண்டு இருந்தது.

பிளேட்டோ கதை வேறு. அவருடைய நூல்கள் முழுமையாக லத்தீனில் அச்சேறியது 1484-இல், இத்தாலிய அறிஞர் ஃபிசினோவின் மொழிபெயர்ப்பில்தான். ஆனால் ஃபிளாரன்ஸில், கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த அறிஞர் கிரிசோலோரஸ் கிரேக்க வகுப்பைத் தொடங்கியதோ 1397-இலேயே. ஆக, அங்கேயும் 1453-க்கு முன்வரிசை கிடையாது.

கிரேக்க நூல்களின் 'மீட்பு' என்று எழுதும்போது அந்தச் சொல்லைத் தனியாக விடாதீர்கள். 'லத்தீன் மேற்கில்', அதாவது லத்தீனில் படித்த மேற்கு ஐரோப்பாவில், என்று சேர்த்தே எழுதுங்கள். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில் கிரேக்க நூல்கள் தொலையவே இல்லை. பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டிலேயே ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் பல கிரேக்கப் படிகளை ஒப்பிட்டுச் சரியான வாசகத்தைத் தேர்ந்து, சிரியாக்கிலும் (மேற்கு ஆசியக் கிறிஸ்தவரின் மொழி) அரபியிலும் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். 1100 வாக்கில் வெறுங்கையோடு நின்றது லத்தீன் உலகம்தான். ரோமானிய அறிஞர் போயதியஸ் 6-ஆம் நூற்றாண்டில் பெயர்த்தவற்றில் அரிஸ்டாட்டிலின் இரண்டு சிறு தர்க்க நூல்கள்; அவருக்கு முன்பே கால்கிடியஸ் பெயர்த்த, பிளேட்டோவின் 'திமேயஸ்' உரையாடலில் ஒரு பகுதி. அநேகமாக இவ்வளவுதான் அவர்களிடம் புழங்கியது.

வந்த வழியும் ஒன்றில்லை. வெனிஸ் நகர ஜேம்ஸ் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'இயற்பியல்', 'ஆன்மா பற்றி' ஆகியவற்றை நேராகக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தார். சிசிலியில் ஹென்றி அரிஸ்டிப்பஸ் பிளேட்டோவின் இரண்டு உரையாடல்களைப் பெயர்த்தார். ஸ்பெயினின் டோலேடோ நகரம் 1085-இல் முஸ்லிம்களிடமிருந்து கிறிஸ்தவர் கைக்கு வந்திருந்தது. கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு அங்கே தங்கி, 1187-இல் இறப்பதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். "எல்லாம் அரபி வழியாகவே வந்தது" என்று எழுதினாலும் தவறு, "அரபிக்குப் பங்கே இல்லை" என்று எழுதினாலும் தவறு.

டோலேடோவில் வேலை எப்படி நடந்தது என்பதற்கு, பாரசீக மெய்யியலாளர் இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூலின் லத்தீன் முன்னுரையே சாட்சி. அவென்தாவுத் என்ற யூத அறிஞர் அரபி வாசகத்தைச் சொல் சொல்லாக உள்ளூர்ப் பேச்சுமொழியில் சொல்வார். தலைமைத் திருத்தொண்டர் குந்திசால்வி அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். நடுவிலிருந்த பேச்சுமொழி எந்தத் தாளிலும் ஏறவில்லை. எங்கே சொல் நழுவியது என்று பிற்பாடு தேடுகிறவருக்கு அந்த இடைக்கட்டம் கைக்கு எட்டாது.

நழுவியதற்கு ஓர் உதாரணம் போதும். அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' துன்பியல் நாடகம், இன்பியல் நாடகம் இரண்டையும் பேசுவது. நாடக மேடை இல்லாத சூழலில், சிரியாக்கிலிருந்து அரபிக்குப் பெயர்த்த அபூ பிஷ்ர் மத்தா துன்பியலைப் புகழ்ப்பாட்டு என்றும் இன்பியலை வசைப்பாட்டு என்றும் வைத்தார். ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்து அதன்மேல் உரை எழுதினார். அந்த உரையை ஜெர்மானியரான ஹெர்மன் 1256-இல் டோலேடோவில் லத்தீனாக்கினார். டொமினிக்கத் துறவி மூர்பெக் வில்லியம் 1278-இல் நேராகக் கிரேக்கத்திலிருந்து சரியாகவே பெயர்த்தும், அதைச் சீந்துவாரில்லை. புகழும் வசையும்தான் ஓடின.

பெயர் மாறாட்டமும் நடந்தது. 1255 பாடத்திட்டத்தில் 'காரணங்களின் நூல்' அரிஸ்டாட்டில் வரிசையில் நிற்கிறது. அதற்கு ஏழு வாரம். உண்மையில் அது 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மெய்யியலாளர் பிராக்ளஸ் எழுதியதிலிருந்து அரபியில் திரட்டிய நூல். 1268-இல் மூர்பெக் பிராக்ளஸின் மூலத்தை லத்தீனாக்கிய பிறகு, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்த தாமஸ் அக்குவினாஸ் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். சமய அறிஞர் என்ற ஒற்றைப் பட்டத்தோடு உங்கள் பாடங்களில் வந்துபோகும் அக்குவினாஸிடம் இந்த மூலபாட ஆராய்ச்சிக் கண்ணும் இருந்தது.

இனி சமயம். "திருச்சபை கிரேக்க அறிவைத் தடைசெய்தது" என்று ஒரே வரியில் முடிப்பது அரைகுறை. 1210-இல் பாரிஸில் கூடிய மாகாண ஆயர் மன்றம், அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களை வெளிப்படையாகவோ ரகசியமாகவோ பாடம் நடத்தினால் சபைநீக்கம் என்றது. 1215-இல் பல்கலைக்கழக விதிகள் தர்க்கத்தையும் அறவியலையும் அனுமதித்து, இயற்கை நூல்களையும் மீமெய்யியலையும் விலக்கின. அப்போது தடை பாரிஸுக்கு மட்டுமே. 1229-இல் புதிதாகத் தொடங்கிய துலூஸ் பல்கலைக்கழகம் "பாரிஸில் தடையான நூல்களை இங்கே கேட்கலாம்" என்று சொல்லியே மாணவரை அழைத்தது! 1231-இல் போப் ஒன்பதாம் கிரகோரி நூல்களைப் பிழைநீக்கித் தர மூவர் குழு அமைத்தார். அந்த வேலை நடந்தேறவில்லை. அடுத்த 24 ஆண்டுக்குள் தடைபட்ட நூல்களே கட்டாயப் பாடமாகிவிட்டன.

மோதல் எதைப் பற்றி என்பதையும் எழுதுங்கள். ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. உலகம் தொடக்கமற்றது என்றார் அரிஸ்டாட்டில். விவிலியமோ "தொடக்கத்தில்" என்று ஆரம்பிக்கிறது. மனிதர் எல்லாருக்கும் அறிவு ஒன்றே என்று இப்னு ருஷ்துவின் உரையிலிருந்து பாரிஸ் ஆசிரியர் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அறிவு பொதுச் சொத்தானால், செத்தபின் தனியொருவருக்குப் பரிசு ஏது, தண்டனை ஏது? இதை மறுத்து அக்குவினாஸ் 1270-இல் ஒரு தனி நூலே எழுதினார். உலகத்தின் தொடக்கம் பற்றி அவர் எடுத்த நிலை நுட்பமானது: தொடக்கம் உண்டென்றோ இல்லையென்றோ பகுத்தறிவால் நிறுவ முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது. தொடக்கத்தைப் பகுத்தறிவாலேயே நிறுவலாம் என்ற இறையியலார் இதனால் அவர்மேல் பாய்ந்தார்கள்.

பூசையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்ற நற்கருணைக் கோட்பாட்டிலும் அரிஸ்டாட்டிலின் சொற்கள் நுழைந்தன. பொருள் மாறுகிறது, குணங்கள் மட்டும் நிற்கின்றன என்ற விளக்கம் அரிஸ்டாட்டிலின் சொல்லாட்சியில் அமைந்தது. ஆனால் தாங்கும் பொருள் இல்லாமல் குணம் தனித்து நிற்கும் என்பதை அரிஸ்டாட்டிலே ஒப்பமாட்டார், சிக்கலே அங்குதான். தமிழ்க் கத்தோலிக்கர் வழிபாட்டில் 'அப்ப இரச குணங்கள்' என்று சொல்கிறபோது, அந்தக் 'குணம்' இந்த விவாதத்தின் வாரிசு.

1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். மெய்யியலுக்கு ஓர் உண்மை, விசுவாசத்துக்கு அதற்கு எதிரான இன்னோர் உண்மை என்று சிலர் பேசுவதாக அவர் முன்னுரையில் குற்றம்சாட்டினார். அப்படியே எழுதிவைத்த ஆசிரியர் ஒருவரையும் இன்றுவரை சுட்ட முடியவில்லை. ஆகவே 'இரட்டை உண்மைக் கொள்கையினர்' என்று ஒரு கட்சி இருந்ததுபோல எழுதாதீர்கள். அக்குவினாஸ் இறந்து அன்றோடு சரியாக மூன்று ஆண்டு. பட்டியலில் சில அவருடைய கருத்தையும் தொட்டன. 1323-இல் அவர் புனிதரானார். 1325-இல் அவரைத் தொடும் அளவுக்குக் கண்டனம் விலக்கப்பட்டது.

கிறிஸ்தவத்தோடு பாடத்தை முடித்துவிடவும் கூடாது. 1111-இல் மறைந்த இஸ்லாமிய இறையியலாளர் கஸ்ஸாலி, மெய்யியலார்மேல் இருபது கேள்விகள் தொடுத்து, அவற்றில் மூன்றை இறைமறுப்பு என்றே தீர்த்தார். அதற்குப் பதில் எழுதியவர் இப்னு ருஷ்து. அவர் கோர்தோபாவின் நீதிபதியும்கூட. யூதர்களிடையே, அவர்களின் பெரும் அறிஞர் மைமோனிடஸின் மெய்யியல் நூல் சமூகத்தையே இரண்டாகப் பிளந்தது. 1305-இல் பார்சிலோனாவில் 25 வயது நிரம்பாதவர் கிரேக்க மெய்யியல் படிக்கக் கூடாது என்று விலக்கு போட்டார்கள். இவர்களை 'அரபியர் பாதுகாத்துக் கொடுத்தனர்' என்ற சொற்றொடரில் அடைத்தால் பெட்டகக் காவலாளிகளாகத்தான் தெரிவார்கள். பெட்டியைத் திறந்து வாதாடியவர்கள் அவர்கள்.

பாடத்தில் இடம் குறைவு என்பது தெரியும். 1453 வரியை எடுத்துவிட்டு இதைப் போட்டால் போதும்: "12, 13-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்கத்திலிருந்தும் அரபியிலிருந்தும் அரிஸ்டாட்டில் லத்தீனுக்கு வந்தார், 1210-இல் பாரிஸில் தடையான அவருடைய நூல்கள் 1255-இல் பாடமாயின, 15-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ முழுமையாக வந்து சேர்ந்தார்." கையோடு மாதிரி வினாவின் விடைக்குறிப்பையும் மாற்றிவிடுங்கள். பாடத்தை மட்டும் திருத்தி விடைக்குறிப்பில் 1453-ஐ விட்டுவைத்தால், மதிப்பெண்ணுக்காக மாணவர் அதையேதான் எழுதுவார்.

இப்படிக்கு,
இடைக்கால மெய்யியல் வரலாறு கற்பிக்கும் சிலர்