குவளை பெட்டா மீனுக்கு வீடு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்டா என்கிற சண்டை மீனைக் கையளவு கண்ணாடிக் குவளையில் விட்டு மேசை அலங்காரமாக வைப்பதைப் பார்த்தால் மனது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தாய்லாந்து வயல்களிலும் குட்டைகளிலும் வாழ்கிற மீன்தானே, மேலே வந்து காற்றைச் சுவாசிக்குமே, கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறார்கள். காற்றைச் சுவாசிப்பது உண்மைதான். ஆனால் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா குவளைத் தண்ணீரில் சட்டென்று ஏறிச் செவுளைப் புண்ணாக்கிவிடும். என் முதல் மீன் வால் நுனி கறுத்து, நைந்த துணி மாதிரி கிழிந்து, அடியில் சாய்ந்தே கிடந்தது.

20 லிட்டர் தொட்டியாவது வேண்டும், தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், தண்ணீரைச் சுத்தம் செய்ய, இழுப்பு இல்லாத ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வடிகட்டி) போதும். மீன் வாங்குவதற்குச் சில வாரம் முன்பே காலித் தொட்டியில் துளித்துளியாக மீன் உணவு போட்டு, அது அழுகி அம்மோனியா வரும்படி ஃபில்டரை ஓடவிட்டால்தான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரும், இந்தப் பொறுமைதான் பலரிடம் இல்லை. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். அப்புறம் தொட்டிக்கு ஒரு மூடி வேண்டும், இது துள்ளும் மீன். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விடவே கூடாது.

இப்போது இருப்பவன் அகலமான இலைமேல் படுத்துத் தூங்குகிறான், நான் கிட்டே போனால் கண்ணாடி ஓரமாக ஓடி வருகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்