படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் ஒரு கற்பெட்டி தாருங்கள்

மதிப்புக்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் புவியியல் படிப்பிக்கிறேன். சென்ற தவணைப் பரீட்சையில் உயர்தரப் புவியியலுக்கு வந்த பாறைப் படக் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். பட்டை இரும்புப் பாறையின் படம். அசல் கல்லில் சிவப்பும் சாம்பலும் அடுக்கடுக்காக மாறி வரும். சிவப்பு, இரும்புக் கறை ஏறிய சிலிக்கா. சாம்பல், ஹேமடைட், மக்னடைட் என்ற இரும்புக் கனிமங்கள். எங்களுக்கு வந்ததோ மங்கிய போட்டோக் கொப்பி. கறுப்பு வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் பலர் ‘நைஸ்’ (வரிவரியாகத் தெரியும் உருமாறிய பாறை) என்று எழுதினார்கள். எழுதாமல் என்ன செய்வார்கள்? மட்டக்களப்பு நிலமே விஜயன் தொகுதி என்ற பழைய பாறைத் தொகுதியின் நைஸ் மேல்தான் இருக்கிறது. வயல் ஓரத்துப் பாறையில் தினமும் பார்க்கிற வரியைத்தான் தாளிலும் கண்டார்கள். கண்டதை எழுதிய பிள்ளைக்குப் பூச்சியம் போட என் கை கூசியது.

பாடசாலைக்கு ஒரு பாறை மாதிரிப் பெட்டி கேட்டுப் பலமுறை எழுதிவிட்டோம். ‘நிதி வரவில்லை’ என்பதே பதில்.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு, நுண்ணுயிர்கள் வெளிவிட்ட ஒட்சிசனோடு சேர்ந்து அடியில் படிந்தது என்று நான் சொல்லலாம். அந்தப் பாறையில் இரும்பு 30 சதவீதம் அளவில்தான். சிலிக்கா கரைந்து வெளியேறிய இடங்களில் அது 60 சதவீதத்தைத் தாண்டி உயர்தர இரும்புத் தாது ஆனது, மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹமர்ஸ்லியில் நடந்தது அதுதான் என்றும் சொல்லலாம். ஆனால் ஒரு மாணவன் எழும்பி, “சேர், சிலிக்கா போனால் கல்லுப் பாரம் குறையாதா?” என்று கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி! அதற்கு ஒரு தராசும் இரண்டு கல்லும் வேண்டும். என் கையில் வெண்கட்டிதான் இருந்தது.

கல் மட்டுமா? ஆய்வுகூடப் பொருள், வரைபடம், ஆசிரியர், எல்லாம் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையோடு நின்றுவிடுகின்றன. இரு கரையையும் இணைக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாயிற்று. இனியும் வாவியைக் காரணம் காட்ட முடியாது. சரி, அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கல் வரச் சுணங்கும் என்றால், எங்கள் மாகாணத்துச் சேருவிலவில் மக்னடைட் இருக்கிறது. அது வேறு வகைப் படிவுதான். ஆனாலும் பிள்ளைகள் காந்தத்தை வைத்துப் பார்க்க, கையில் தூக்கிப் பாரம் பார்க்க அதுவே போதும்.

தயவுசெய்து அடுத்த தவணைப் பரீட்சைக்கு முன் படுவான்கரைப் பாடசாலைகளுக்கு ஆளுக்கொரு கற்பெட்டி அனுப்புங்கள். அந்தக் கேள்விக்கு ‘நைஸ்’ என்று எழுதிய பிள்ளைகளின் புள்ளியையும் மறுபடி பார்க்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
படுவான்கரைப் புவியியல் ஆசிரியர் ஒருவர்