இடது பக்கம் வந்தது, வலது பக்கம் வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததை ஒட்டி, பழைய கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் வகை இயங்குதளமான புதிய உபுண்டுவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் லினக்ஸுக்குள்ளேயே பதிப்பு மாறும்போது 'சாதாரணப் பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது' என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் சாதாரணப் பயனர்தான். எனக்கு நன்றாகவே தெரிந்தது.

கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியவன் நான். பக்கவாதம் வந்து போனபிறகு வலக்கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடக்கையை வைத்துக்கொண்டு பழைய தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். திரையின் இடப்பாதியில் பக்கத்தின் படம், வலப்பாதியில் தட்டச்சான உரை. ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுப் படத்தைத் திறந்து, இரண்டையும் அருகருகே நிறுத்தி, மறுபடியும் உரைக்குத் திரும்ப வேண்டும். சுட்டியால் இழுப்பது எனக்கு ஆகாத வேலை. விண்டோஸ் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால் போதுமே என்பார்கள். அந்த இரண்டும் விசைப்பலகையின் இரண்டு கோடியில் இருக்கின்றன, ஐயா.

என் பேத்திதான் ஏழு வரியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். டபிள்யூஎம்-கன்ட்ரோல் என்றொரு சிறு கருவி. அதனிடம் சாளரத்தின் தலைப்பைச் சொல்லி, இடமிருந்து 0, மேலிருந்து 0, அகலம் 960, உயரம் 1040 என்று கொடுத்தால் படம் போய் இடப்பாதியில் உட்காரும். உரைக்கு இடமிருந்து 960. கடைசி வரி, உரைச் சாளரத்தை முன்னுக்கு அழைப்பது. எஃப்9-ஐ ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் முடிந்துவிடும். தலைப்பில் ஒரு பகுதி பொருந்தினாலே அது ஏற்றுக்கொள்ளும் என்பதால், 'பக்கம்' என்ற பெயரில் கோப்புறை திறந்திருந்த ஒரு நாள் படத்துக்குப் பதில் கோப்புறை ஓடிவந்து நின்றது. அது என் பிழை. கோப்புறையின் பெயரை மாற்றினேன்.

உள்நுழையும் திரையின் மூலையில் இருக்கும் பற்சக்கரத்தைச் சொடுக்கி 'எக்ஸார்க்' என்பதை, அதாவது சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ் அமைப்பை, தேர்ந்தெடுப்பது என் வழக்கம். உபுண்டு 25.10-க்கு மாறியபின் அந்தத் தேர்வே இல்லை. எஃப்9-ஐத் தட்டினேன். படம் இடது பக்கம் வந்தது. உரை நின்ற இடத்திலேயே நின்றது. பிழைச் செய்தியும் இல்லை.

காரணத்தைப் பேத்தி விளக்கினாள். 1984-இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் அமைப்பில் எந்த மென்பொருளும் இன்னொன்றின் சாளரத்தை நகர்த்தச் சொல்லலாம். அதற்கு மாற்றாக 2008-இல் தொடங்கியது வேலண்ட்; புதிய உபுண்டு ஓடுவது அதில்தான். அங்கே அது நடக்காது. ஒரு மென்பொருள் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்டறிய வழியில்லை. என் படம் பார்க்கும் மென்பொருள் பழையது. அது எக்ஸ்வேலண்ட் என்ற இணக்க அடுக்கின் வழியாக ஓடுவதால் இன்னும் சொன்னதைக் கேட்கிறது. உரைத்திருத்தி நேரடியாக வேலண்டோடு பேசுவதால் கேட்பதில்லை.

கோபத்தில் நான் ஏதோ சொல்ல, அவள் தன் மடிக்கணினியில் எக்ஸைத் திறந்து ஒன்றைக் காட்டினாள். ஒரு சாளரத்தில் கடவுச்சொல்லைத் தட்டினேன். அதற்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்துச் சாளரத்தில் நான் அழுத்திய ஒவ்வொரு விசையின் எண்ணும் வரிசையாக இறங்கியது. வாயை மூடிக்கொண்டேன். பூட்டு தேவைதான்.

ஆனால் அதைப் பூட்டுவதற்காக இதையும் சேர்த்தா பூட்டுவது? விஷுவல் பேசிக் சொல்லிக்கொடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பின்னணியில் ஓடும் மென்பொருள் தானாக முன்னால் பாய்வதை விண்டோஸ் 98 தடுத்தது. பணிப்பட்டையில் பொத்தான் மட்டும் மினுக்கும். சாளரத்தை நகர்த்தும் ஆணையில் கை வைக்கவில்லை. வேலண்டிலும் திரையைப் பகிரும்முன் 'அனுமதிக்கலாமா?' என்று ஒரு பெட்டி வருகிறது. சாளரத்தை நகர்த்தவும் அதே பெட்டி வரட்டுமே, 'சரி' என்று ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறேன்.

இப்போதைக்கு வழி இல்லாமல் இல்லை. கேடீஇ திரைச்சூழலில் அதற்கே உரிய நிரல்களால் சாளரங்களை நகர்த்தலாம். உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமுக்கும் அப்படிச் செய்யும் நீட்டிப்புகள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய க்னோம் வரும்போது அவை படுத்துவிடுமோ என்ற பயமும் கூடவே உண்டு. நான் உபுண்டுவை விட்டு, லினக்ஸ் மிண்ட் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னமன் பதிப்புக்குப் போய்விட்டேன். அது இன்னும் எக்ஸிலேயே தொடங்குகிறது. ஏழு வரியில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இதற்கும் நான்கு வரி ஒதுக்குங்கள். என் பழைய மாணவர் ஒருவர் முதல் பகுதியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பென் டிரைவோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கும் மிண்ட்டையே போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்