மூடுபனியில் முடிந்த ஒளிப்படப் பட்டறை: கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரவும்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலைக் கடைசி வாரம் மலைநாட்டு விவசாய நிலங்களில் நீங்கள் நடத்திய மூன்று நாள் ஒளிப்படப் பட்டறைக்கு 72,000 ரூபா கட்டி, கொழும்பிலிருந்து உங்கள் வேனிலேயே வந்தவன் நான். திரும்பி வந்ததும் குறைகளை வட்ஸ்அப்பில் எழுதினேன். "வானிலை எங்கள் கையில் இல்லை சேர்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வரியால்தான் இப்போது கடிதமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வானிலை உங்கள் கையில் இல்லை, சரி. வேன் உங்கள் கையில்தானே இருந்தது? தென்மேல் பருவக்காற்று வீசும் ஜூலையில் நுவரெலியா, அம்பேவெல பக்கம் மழையும் மூடுபனியுமாகத்தான் கிடக்கும். அதே காற்று மேற்குச் சரிவில் ஈரத்தை இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் கச்சான் என்கிற காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவதே அதனால்தான். கொழுந்து எடுக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சீதா எலியக் கோயிலையும் ஹக்கலைப் பூங்காவையும் கடந்து ஊவாவிலுள்ள வெலிமடைப் பக்கம் இறங்கினாலே வானம் மாறிவிடும். நீங்களோ இரண்டு நாளும் எங்களை அம்பேவெலவிலேயே நிறுத்தி வைத்தீர்கள். புல்வெளி தெரியவில்லை, மாடு தெரியவில்லை, அத்தனை உயரமான காற்றாலைகூடக் கண்ணில் படவில்லை. வழிகாட்டி, கமராவின் ஒளி உணர்திறனை, "ஐஎஸ்ஓவைக் கூட்டிப் பாருங்கோ" என்றார். கூட்டினோம். வெள்ளைத் திரை இன்னும் வெளுப்பாக வந்தது.

மூடுபனியில் படமே எடுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஒற்றை மரம், ஒரு வேலிக் கம்பி, பாதி மறைந்த பாதை என்று அழகாகவே எடுக்கலாம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு படி ஏற்றி, எதைச் சட்டகத்தில் விடுவது, எதைத் தள்ளுவது என்று சொல்லித் தரத்தானே ஆசிரியர் வேண்டும்? "நிலக்காட்சியில் அனுபவமுள்ளவர்" என்று நீங்கள் விளம்பரப்படுத்தியவர், தாம் ஒரு கலியாண வீட்டுப் படக்காரர் என்று வேனில் தானாகவே சொன்னார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அவரை அனுப்பிய உங்களைத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ஒருவழியாக வெலிமடை. ஜூலைக் கடைசியில் ஆறு மணியளவில் சூரியன் எழும். நமது நாடு நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் அது விறுவிறுவென்று நேர் மேலே ஏறிவிடும். வரப்புக்கு வரப்பு நிழல் விழுந்து மேடு பள்ளம் எடுப்பாகத் தெரிவது முதல் ஒரு மணி நேரம்தான். நமக்கோ ஏழரைக்குத்தான் ஹோட்டலில் காலைச் சாப்பாடு, அதற்குப் பிறகு குழுப்படம், அப்புறம்தான் பயணம். போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. லீக்ஸ் பாத்தி, உருளைக்கிழங்குப் பாத்தி எல்லாம் நிழலே இல்லாமல் தட்டையாகக் கிடந்தன. விளம்பரத்தில் போட்டிருந்த விடியற்கால வெளிச்சம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

லென்ஸ் விஷயமும் உண்டு. நீங்கள் அனுப்பிய பட்டியலில் அகலக்கோண லென்ஸ் மட்டும்தான் இருந்தது. மடிப்பு மடிப்பாகப் போகும் மலைச்சரிவை நெருக்கிக் காட்ட 70-200 மி.மீ. போன்ற தூர லென்ஸ் ஒன்று தேவை. பட்டியலை நம்பி வந்த பிள்ளைகள் தூரத்துப் பாத்திகளை நூல் மாதிரி எடுத்துக்கொண்டு நின்றார்கள். எட்டுப் பேர் என்று சொல்லிப் பதினாறு பேரை ஏற்றியதைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை.

ஆனால் கரட் பாத்தியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். "கொஞ்சம் உள்ளே இறங்குங்கோ, படத்தின் முன்புறம் நன்றாக வரும்" என்று வழிகாட்டி சொல்ல, நாலைந்து பேர் ட்ரைபொட்டோடு ஈர மண்ணில் இறங்கினார்கள். முளைத்து விரல் உயரம்கூட வராத கரட். முதுகில் மருந்துத் தாங்கியோடு ஓடி வந்த நிலக்காரர் சத்தம் போட்டார். போடாமல் என்ன செய்வார்? முன்கூட்டி அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தவர் எங்களோடு வந்த ஓர் ஆசிரியை. உங்கள் வழிகாட்டி அந்த நேரம் உங்கள் பேஸ்புக் பக்கத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மிதிபட்ட பயிருக்கு நட்டஈடு கொடுத்தீர்களா என்பதையும் பதிலில் தெரிவியுங்கள்.

நான் கேட்பது பாதிக் கட்டணம், அதாவது 36,000 ரூபா. தங்குமிடமும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தன, அதற்குரிய காசு எனக்கு வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன். பற்றுச்சீட்டு, உங்கள் விளம்பரம், வட்ஸ்அப் பதில் மூன்றின் பிரதிகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஜூலைப் பட்டறையில் கலந்துகொண்ட வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06