பட்டியலில் உன் பெயர்

ராயபுரம்

அன்பு மகள் மலருக்கு,

கோவைக்குக் குடிபோன பிறகும் உன் ஓட்டு ராயபுரத்திலேயே கிடக்கிறது. தேர்தலன்று வந்து போட்டுக்கொள்ளலாம் என்கிறாய். வீடு வீடாகச் சரிபார்க்க வருகிறவர் 'குடிபெயர்ந்தவர்' என்று குறித்துக்கொண்டு போனால், அடையாள அட்டை கையில் இருந்தும் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் அட்டைக்கு மதிப்பு. கல்யாணமாகிப் போன பெண்களின் பெயர் இப்படித்தான் நழுவும்.

அந்தப் பட்டியலில் பெண்ணின் பெயர் லேசில் ஏறவில்லை. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று நம் சென்னையிலேயே பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. ஏற்பாடு செய்தவர் மார்கரெட் கசின்ஸ். அதே ஆண்டு அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் ஆள். ஓட்டுரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழு கைவிரித்தது. 1919 இந்திய அரசுச் சட்டமோ பொறுப்பை மாகாணங்களின் தலையில் கட்டியது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை சட்டசபை பெண்களுக்கு ஓட்டு உண்டென்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் மாகாணங்களில் முதலாவது நாம்தான்.

ரொம்பவும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். ஆணுக்குப் போலவே சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. அதே 1921-இல்தான் பின்னி மில் வேலைநிறுத்தம். புளியந்தோப்பு, பெரம்பூர் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தீர்மானத்தால் என்ன கிடைத்திருக்கும்? 1935 சட்டம் வாசலைக் கொஞ்சம் அகலமாக்கியது: எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஓட்டு, சொத்துள்ளவரின் மனைவிக்கும் ஓட்டு. கணவன் வழியாக வரும் உரிமை வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் கொடு என்றுதான் அகில இந்திய மாதர் மாநாடு என்ற அமைப்பு கேட்டிருந்தது. 1950-இல் அரசியல் சாசனத்தின் 326-ஆவது பிரிவு அதைத் தந்தது.

தந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, முக்கியமாக வடமாநிலங்களில், 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே பல பெண்கள் பதிந்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லக் கூச்சம். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவகாசம் கொடுத்துப் பார்த்தார்; அப்படியும் பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பேரின் பதிவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். கொடுமைதான், ஆனால் அவர் செய்தது சரி என்பேன். அடுத்த தேர்தலில் நிலைமை மாறியது.

உன் வேலைக்கு வருகிறேன். படிவம் 6 போடாதே. அது முதல்முறை சேருகிறவர்களுக்கு. போட்டால் இரண்டு இடத்தில் பெயர் விழும், அது குற்றம். படிவம் 8-இல் 'குடியிருப்பு மாற்றம்' என்பதைத் தேர்ந்தெடு. பழைய அட்டை எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுது. முகவரிச் சான்றுக்கு ஆதாரோ பாஸ்புக்கோ கேஸ் பில்லோ போதும். உன் பெயரில் இருப்பதே நல்லது. ஆதாரில் இன்னும் ராயபுரம் முகவரியே இருந்தால் அதை வைக்காதே. உன் பெயரும் இனிஷியலும் பழைய பட்டியலில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். கல்யாணத்துக்காக அப்பா பெயரை எடுத்துவிட்டு மாப்பிள்ளை பெயரைப் போடவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

விண்ணப்ப எண்ணைக் குறித்து வை. சந்தேகம் வந்தால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் போன் செய். வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் பட்டியலில் யாரையும் சேர்க்கமாட்டார்கள், அதனால் தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. இந்த வாரமே போட்டுவிட்டு எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா