‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று அச்சேற்றுவதற்கு முன்: மூளை பற்றித் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இதழாசிரியர்களுக்கும், அறிவியல் எழுத்தாளர்களுக்கும், காணொளிகளுக்கு எழுதித் தரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கைப்பேசி, இனிப்பு, சூதாட்டம், காதல் என எதைப் பற்றிய கட்டுரையானாலும் நடுவில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘அப்போது மூளையில் டோபமைன் என்னும் மகிழ்ச்சி ஹார்மோன் சுரக்கிறது.’ இந்த ஒற்றை வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது சிறியது. நீங்கள் பேசும் இடத்தில் டோபமைன் ஹார்மோன் அல்ல. ஒரு நியூரானிலிருந்து, அதாவது நரம்பு செல்லிலிருந்து, இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக்கடத்தி. (பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் போய் பால் சுரக்கவைக்கும் புரொலாக்டினைத் தடுக்கும்போது அது ஹார்மோனாகவும் வேலை செய்கிறது. அந்தக் கதைக்கும் கைப்பேசிக்கும் தொடர்பில்லை.) இரண்டாவது பிழைதான் எங்களை இந்த மடலை எழுத வைத்தது. டோபமைன் நியூரான்கள் மகிழ்ச்சியை அளப்பதில்லை. அவை எதை அளக்கின்றன என்பது குரங்குகளில் மிகத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபூர் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த சோதனைகளிலிருந்து தொடங்குகிறோம். குரங்கின் வாயருகே ஒரு குழாய். அதில் அவ்வப்போது ஒரு சொட்டுப் பழச்சாறு வரும். நடுமூளையில் டோபமைன் நியூரான் ஒன்றின் அருகே மயிரிழையைவிட மெல்லிய முனை கொண்ட மின்முனை. சும்மா இருக்கும்போது அந்த நியூரான் நொடிக்கு மூன்று, நான்கு, ஐந்து முறை துடிக்கும், அதாவது சிறு மின்துடிப்பு எழுப்பும். எதிர்பாராமல் ஒரு சொட்டு விழுந்தால் பத்தில் ஒரு நொடிக்குள் துடிப்புகள் சடசடவென்று கூடி, உடனே அடங்கிவிடும். இதுவரை ‘மகிழ்ச்சி’ என்ற விளக்கம் பொருந்துவதுபோலத்தான் தோன்றும்.

அடுத்து, சொட்டு விழுவதற்குச் சற்று முன் ஒரு விளக்கை எரியவிடுகிறார்கள். பலமுறை இப்படிச் செய்தபின் சாற்றுக்கு அந்த நியூரான் அசைவதில்லை; விளக்குக்குத் துடிக்கிறது. சாறு மாறவில்லை, குரங்கும் ஆவலாகவே நக்கிக் குடிக்கிறது. இனி விளக்கைக் காட்டிவிட்டுச் சாற்றை நிறுத்திவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் நியூரான் தன் இயல்பான துடிப்பையும் விட்டு அடங்கிப்போகிறது. அந்தக் கணத்தில் வெளியே ஒன்றுமே நடக்கவில்லை என்பதை வாசகருக்கு அழுத்திச் சொல்லுங்கள். ஒலி இல்லை, ஒளி இல்லை. வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். நேரத்தைக் கணித்து வைத்திருக்கும் மூளைக்கு மட்டுமே இது சாத்தியம்.

பீட்டர் டயான், ரீட் மாண்டேக் இருவருடனும் சேர்ந்து ஷுல்ட்ஸ் 1997இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு ஒரு கணக்கு வடிவம் தந்தார். சுருக்கினால் ஒரு கழித்தல்: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழி. விடை நேர்மமானால் துடிப்பு கூடும், சுழியமானால் மாறாது, எதிர்மமானால் குறையும். 2003இல் கிறிஸ்டோஃபர் ஃபியொரில்லோவும் டோப்லரும் ஷுல்ட்ஸும் வெவ்வேறு படங்களுக்கு வெவ்வேறு வாய்ப்பளவு வைத்தார்கள். நான்கு முறைக்கு ஒருமுறை மட்டும் சாறு தரும் படத்துக்குப் பின் சாறு வந்தால் பெரிய துடிப்பு. நான்கில் மூன்று முறை தரும் படத்துக்குப் பின் வந்தால் சிறியது. எப்போதும் தருவதற்குப் பின் வந்தால் அநேகமாக ஒன்றுமில்லை.

இவற்றில் எதையும் எழுத இடமில்லை என்றாலும் 2005ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஒரு படம் வந்தால் 0.05 அல்லது 0.15 மில்லிலிட்டர் சாறு கிடைக்கும். இன்னொரு படம் வந்தால் 0.15 அல்லது 0.5 மில்லிலிட்டர். இரண்டு படத்துக்கும் பொதுவானது 0.15. முதல் படத்துக்குப் பின் அது பெரிய பங்கு. நியூரான் கூடுதலாகத் துடிக்கிறது. இரண்டாம் படத்துக்குப் பின் அதுவே சிறிய பங்கு, துடிப்பு குறைகிறது. அதே குரங்கு, அதே சாறு, அதே அளவு. ஆகவே ‘சாக்லேட்டுக்கு இத்தனை டோபமைன், பாட்டுக்கு இத்தனை’ என்று கட்டம் போட்ட பட்டியலைப் பார்த்தால் தயங்காமல் கத்தரியுங்கள்.

இந்தக் கழித்தல் கணக்குக்கு அடங்காதவையும் உண்டு. மசயுகி மட்சுமோட்டோவும் ஒகிஹிடெ ஹிகோசாகாவும் 2009இல் காட்டியபடி, முகத்தில் சுரீரென்று காற்று பீய்ச்சப்போவதைச் சொல்லும் படத்துக்கும் சில டோபமைன் நியூரான்கள் துடிப்பைக் கூட்டுகின்றன. காற்றடி குரங்குக்குப் பிடித்ததல்ல. எலிகளில் கென்ட் பெரிட்ஜ் கண்டது வேறு: டோபமைனை அநேகமாக முழுவதும் அழித்த எலி உணவைத் தேடிப் போகாது, ஆனால் நாவில் சர்க்கரை நீரை விட்டால் வழக்கம்போல் சப்புக்கொட்டும். நாடுவது வேறு, சுவைப்பது வேறு. தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது இரண்டையும் ‘மகிழ்ச்சி’க்குள் ஏன் திணிக்க வேண்டும்?

ஆய்வுக் கட்டுரையை நேரடியாகப் படித்து எழுதுபவர்களுக்கு ஒரு நுணுக்கம். சாற்றைத் திறந்துவிடுவது ஒரு மின்வால்வு. திறக்கும்போது அது ‘டிக்’ என்று ஒலிக்கும். சொட்டு நாவைத் தொடுமுன்பே அந்த ஒலி குரங்குக்குச் செய்தி சொல்லிவிடும். ‘சாறு கிடைத்ததும் நியூரான் துடித்தது’ என்று இருந்தால், வரைபடத்தில் சுழிய நேரமாக எதை வைத்தார்கள், ஒலியையா, சொட்டையா என்று பாருங்கள். தாகமும் அப்படித்தான். சோதனையைப் பல நூறு சுற்றுகள் திரும்பத் திரும்பச் செய்து குடித்த குரங்குக்கு அதே சொட்டின் மதிப்பு காலையில் இருந்ததல்ல. நல்ல கட்டுரைகள் முற்பகுதிச் சுற்றுகளையும் பிற்பகுதிச் சுற்றுகளையும் பிரித்துக் காட்டும்.

அடுத்து, நினைவாற்றல் பற்றிய சோதனைகளுக்கு வருகிறோம். ஷின்தாரோ ஃபுனஹாஷி, சார்லஸ் புரூஸ், பட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச் மூவரும் 1989இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. குரங்கு திரையின் நடுப்புள்ளியைப் பார்த்திருக்கும். சுற்றிலும் எட்டு இடங்களில் ஒன்றில் ஒரு சதுரம் அரை நொடி தோன்றி மறையும். சில நொடிகள் காத்திருந்து, நடுப்புள்ளி அணைந்ததும் சதுரம் இருந்த இடத்துக்குக் கண்ணைத் திருப்பினால் சாறு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை மேலடுக்கான முன்நெற்றிப் புறணியின் சில நியூரான்கள் குறிப்பிட்ட ஒரு திசையை நினைவில் வைத்திருக்கும் காத்திருப்பில் மட்டும் கூடுதலாகத் துடித்தன. எதிர்த்திசைக்கு அவற்றில் பல அடங்கின.

பாடநூல்களில் வரும் படத்தில், காத்திருப்பு முழுக்கத் துடிப்பு மேடைபோல் சமமாக உயர்ந்து நிற்கும். சிக்கல் அங்கேதான். அந்த மேடை பல சுற்றுகளின் சராசரி. ஒவ்வொரு சுற்றிலும் நியூரான் வெவ்வேறு கணங்களில் விட்டுவிட்டுத் துடித்திருந்தாலும் சராசரி எடுத்தால் இதே மேடைதான் வரும். மைக்கேல் லுண்ட்க்விஸ்டும் ஏர்ல் மில்லரும் அவர்களது குழுவினரும் 2016இல் ஒவ்வொரு சுற்றாகப் பார்த்து, நினைவு இப்படி விட்டுவிட்டு வரும் வெடிப்புகளில் இருப்பதாக வாதிட்டார்கள். தொடர்ந்த துடிப்பே அடிப்படை என்பவர்களும் தரவோடு மறுத்திருக்கிறார்கள். இது தீராத வழக்கு. தீராத வழக்காகவே எழுதுங்கள். கட்டுரையில் சராசரிக் கோட்டுக்கு மேலே புள்ளிகளால் ஆன படம் ஒன்று இருக்கும். ஒரு வரிசை ஒரு சுற்று, ஒரு புள்ளி ஒரு துடிப்பு. அதை முதலில் பாருங்கள், கோட்டைப் பிறகு பார்க்கலாம்.

பார்வை பற்றிய எழுத்துகளில் நீடிக்கும் மயக்கம், ‘ஒரு முகத்துக்கு ஒரு நியூரான்’ என்பது. 2005இல் ரோட்ரிகோ கியான் கிரோகாவின் குழு, அறுவை மருத்துவத்துக்காக மின்முனை பொருத்தப்பட்ட வலிப்பு நோயாளிகளில் ஒருவரிடம், ஜெனிஃபர் அனிஸ்டன் என்ற நடிகையின் படங்களுக்குத் துடிக்கும் நியூரானைக் கண்டது. செய்தி உலகெங்கும் பரவியது. மறுநாள் அதே இடத்தில் பதிவு செய்தபோது, ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அவரோடு நடித்த லீசா குட்ரோவுக்கும் துடிப்பு வந்தது என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. காட்டப்பட்டவை நூறு படங்களை ஒட்டித்தான். காட்டாத லட்சம் படங்களில் வேறு எதற்கெல்லாம் அது துடித்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குரங்கில் விடை இன்னும் தெளிவு. டோரிஸ் சாவ், விண்ரிக் ஃப்ரைவால்ட் குழு 2006இல் மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டுமடல் புறணியில் முகங்களுக்கென்றே ஒரு திட்டு இருப்பதையும், அங்கே பார்வைக்குத் துடித்த செல்களில் 97 சதவீதம் முகத்தைத் தேர்ந்து துடிப்பதையும் காட்டியது. 2017இல் லீ சாங், சாவ் இருவரும் முகத்தை 50 அளவுகளாகப் பிரித்தார்கள்: வடிவத்துக்குச் சில, தோற்றத்துக்குச் சில. ஒவ்வொரு நியூரானும் அந்த அளவுகளைத் தன் பங்குக்கேற்பக் கூட்டி, ஓர் அச்சின் வழியே வரும் மாற்றத்தை மட்டும் துடிப்பாக்குகிறது. அச்சுக்குச் செங்குத்தாக மாறும் முகங்கள் நம் கண்ணுக்கு முற்றிலும் வேறு ஆட்களாகத் தெரிந்தாலும் அந்த நியூரானுக்கு ஒன்றே. எந்த ஒரு செல்லும் ஆளை அறிவதில்லை. 205 செல்களின் துடிப்பைச் சேர்த்தபோது, குரங்கு பார்த்த முகத்தை மூலத்துக்கு மிக நெருக்கமாகக் கணினியில் வரைய முடிந்தது.

பதிவானவை ஏன் வெறும் 205 செல்கள் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும். ரீசஸ் குரங்கின் மூளையில் ஏறத்தாழ 640 கோடி நியூரான்கள். (நம் கோயில்களில் திரியும் நாட்டுக்குரங்கும் இதே மக்காக் பேரினம்தான்.) வெளியிலிருந்து பிடிபடும் துடிப்பின் உயரம் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே, நீளம் ஆயிரத்தில் ஒரு நொடி. ஒரு முனை இரண்டு மூன்று செல்களை ஒன்றாகக் கேட்கும். அலைவடிவத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரே செல் என்று பிரித்ததில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் இரண்டு துடிப்புகள் அடிக்கடி வந்தால் அங்கே இரண்டு செல்கள் கலந்துவிட்டன என்று பொருள், ஏனெனில் ஒரு நியூரானால் அவ்வளவு விரைவில் மறுபடி துடிக்க இயலாது. மூளை இதயத்துடிப்போடும் மூச்சோடும் அசைவதால் செல் கையைவிட்டு நழுவும். பேசாமலே இருக்கும் செல்கள் கணக்கிலேயே வராமல் போகும்.

சொற்களைப் பற்றி மூன்று வேண்டுகோள்கள். நியூரான் ‘சுடுகிறது’, ‘எரிகிறது’ என்று மொழிபெயர்க்காதீர்கள். துடிக்கிறது என்ற சொல் போதும். எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை ‘எதிர்பார்ப்புப் பிழை’ என்று எழுதினால் குரங்கு ஏதோ தப்புச் செய்தது என்று வாசகர் நினைக்கிறார். ‘எதிர்பார்ப்பு வேறுபாடு’ தெளிவாக இருக்கும். எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் நிறம் மாறிய இடத்தைக் காட்டி ‘இங்கே நியூரான்கள் துடித்தன’ என்று எழுதவே வேண்டாம். அந்தக் கருவி காண்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை; அதன் ஒரு சிறு கட்டத்துக்குள் பல்லாயிரம் நியூரான்கள் இருக்கின்றன.

டோபமைன் கட்டுரைக்கு மூளைக்குள் சிரிக்கும் முகம் வரையும் ஓவியரிடம் அடுத்த முறை வேறு படம் கேளுங்கள். மேலிருந்து கீழாக மூன்று புள்ளி வரிசைகள்: சொல்லாமல் வந்த சாறு, விளக்குக்குப் பின் வந்த சாறு, விளக்குக்குப் பின் வராத சாறு. முதல் வரிசையில் புள்ளிகள் சாற்றருகே அடர்ந்திருக்கட்டும், இரண்டாவதில் விளக்கருகே. மூன்றாவதில் விளக்கருகே அடர்ந்து, சாறு வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளியும் இல்லாமல் வெறுமையாக இருக்கட்டும். அரைப் பக்கத்தில் அடங்கிவிடும்.

அன்புடன்,
நியூரான் பதிவுகளோடு நாள்தோறும் வேலை செய்யும் சிலர்